வாங்கப்போகிறேன் என்ற வாக்கு

1931-ஆம் ஆண்டு உலகமெங்கும் வியாபாரம் படுத்துக்கிடந்தது. அதுவரை கடும் போட்டியில் இருந்த கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் நெருக்கடி தாங்காமல் அந்த ஆண்டுதான் ஒன்றாகச் சேர்ந்து இ.எம்.ஐ. ஆயின. இசைத்தட்டு வாங்குவது பல குடும்பங்களுக்கு எட்டாத செலவாகிவிட்ட அந்தச் சமயத்தில், லண்டனில் வால்டர் லெக் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் கம்பெனி மேலிடத்தாரிடம் ஒரு யோசனையைக் கொண்டுபோனார். ஹ்யூகோ வொல்ஃப் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளர் 1903-இல் மறைந்துவிட்டார். ஜெர்மன் கவிதைகளுக்கு அவர் மெட்டமைத்த பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுள் தட்டில் ஏறியவை மிகக் குறைவு. பதிவு செய்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு விற்பனைப் பிரிவில் எவரிடமும் பதில் இல்லை. லெக் சொன்ன வழி இதுதான்: முதலில் வாங்குபவர்களைச் சேர்ப்போம், 500 பேர் பெயர் கொடுத்து முன்பணம் கட்டினால் பதிவு செய்வோம்.

பெயர்கள் சேர்ந்தன. அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை ஜப்பானிலிருந்து வந்தவை. அந்நாளிலேயே ஜப்பானில் மேல்நாட்டு இசைத்தட்டுகளைப் பற்றி ஊன்றி எழுதுவோரும் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவோரும் இருந்தார்கள். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற நொமுரா கோதோ, அராயேபிசு என்ற வேறொரு புனைபெயரில் இசைத்தட்டு விமர்சனம் எழுதிவந்தவர். ஆக, வியன்னாவில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் பாடல்கள் லண்டனில் பதிவாவதற்கு ஜப்பானியக் கேட்பாளர்களும் பணம் கட்டினார்கள். எலனா கெர்ஹார்ட் என்ற பாடகி பாட, ஹ்யூகோ வொல்ஃப் சொசைட்டியின் முதல் தொகுதி பதிவாயிற்று.

இசைப் பித்துள்ள இருவர் சந்தித்தால் பேச்சு வெகு சீக்கிரம் ஓரிடத்துக்கு வந்துவிடும். போன வாரம் இது கிடைத்தது, அடுத்த மாதம் அது வருகிறதாம், வந்தவுடன் வாங்கிவிடுவேன். பக்கத்தில் இருப்பவருக்கு இது வெறும் பெருமைப் பேச்சாகத் தோன்றலாம். வீட்டில் உள்ளவர்களுக்கு வீண்செலவின் வாக்குமூலமாகவும் தோன்றலாம். இந்தப் பேச்சை அப்படித் தள்ளிவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த இசை பதிவாகும், எது நிலைக்கும், எது அழியும் என்பதைக் கடந்த நூறாண்டில் முடிவு செய்த காரணங்களுள் இந்தப் பேச்சும் ஒன்று. வாங்கியதைச் சொல்வது ஒரு சாட்சியம். வாங்கப்போவதைச் சொல்வது ஒரு வாக்குறுதி. சாட்சியமும் வாக்குறுதியும் ஓரிடத்தில் போதிய அளவு சேர்ந்தால் கம்பெனிகள் அசைந்து கொடுத்திருக்கின்றன.

லெக்குக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்ஸி 1923 ஏப்ரலில் ‘தி கிராமபோன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அவருடன் சேர்ந்து நடத்தியவர் மைத்துனர் கிறிஸ்டபர் ஸ்டோன். பின்னாளில் பி.பி.சி. வானொலியில் தட்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பற்றிப் பேசி ஒலிபரப்பி, பிரிட்டனின் முதல் ‘டிஸ்க் ஜாக்கி’ என்று பெயர் பெற்றவர் இந்த ஸ்டோன்தான். அந்தக் காலத்தில் தட்டு வாங்குபவருக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்குள்தான் இசை அடங்கும். ஒரு நால்வர் இசைப்படைப்பை முழுதாகத் தர நான்கைந்து தட்டுகள் வேண்டும். அவ்வளவு யார் வாங்குவார்கள் என்று பயந்து, கம்பெனிகள் படைப்புகளை வெட்டிச் சுருக்கி, பிடித்த பகுதியை மட்டும் விற்றன. மெக்கன்ஸியின் வாசகர்களோ முழுதாக வேண்டும் என்றார்கள். பத்திரிகையின் சார்பில் நேஷனல் கிராமபோனிக் சொசைட்டி என்ற அமைப்பு 1924-இல் தட்டு வெளியிடத் தொடங்கியது. சந்தா கட்டிய உறுப்பினர்களுக்காக, வெட்டு இல்லாமல், பெத்தோவனின் நால்வர் இசைப்படைப்பு ஒன்றை ஸ்பென்ஸர் டைக் குழுவினரை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். பெரிய கம்பெனி செய்யத் தயங்கியதைச் சில நூறு ரசிகர்களின் சந்தா செய்து காட்டியது.

இந்தச் சங்கங்களின் உச்சம் பெத்தோவன் சொனாட்டா சொசைட்டி. ஆர்தர் ஷ்னாபெல் என்ற பியானோ கலைஞர் வெகுகாலம் பதிவுக்கே இணங்காதவர். அவரைச் சம்மதிக்கவைத்து, 1932 முதல் 1935 வரை, புதிதாகத் திறந்திருந்த அபே ரோடு கூடத்தில் பெத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிவு செய்தார்கள். 32-ஐயும் ஒருவரே வாசித்துப் பதிவு செய்தது அதுவே முதல்முறை. பல தட்டுகளாக வரும் தொகுதியை, வாசிக்கும் முன்பே, கேட்கும் முன்பே, விலை கொடுத்து வாங்குவதாக ஒத்துக்கொண்டவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பதிவுகள் இல்லை. இன்று அவற்றைக் கேட்கிற எவரும் அந்தச் சந்தாதாரர்களுக்குக் கடன்பட்டவர்தான். ஹைடன், டீலியஸ், சிபேலியஸ் என்று அதே வழியில் மற்றச் சங்கங்களும் வந்தன. கிளைண்ட்போர்ன் விழாவில் நடந்த மோட்ஸார்ட் இசைநாடகங்களும் இப்படியே தட்டில் ஏறின.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபையும் பார்க்க வேண்டும். வாங்கியதை வெளியே சொல்லாமல் ஒளித்துவைப்பதையே தொழிலாகக் கொண்ட மரபு அது. 1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில், நம்மூர்க் கல்யாண வீட்டு சவுண்ட் சர்வீஸ் போல, ஒலிபெருக்கிகளை அடுக்கி நடனக் கூட்டம் நடத்துபவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் கடும் போட்டி. யாரிடம் பிறரிடம் இல்லாத அமெரிக்கத் தட்டு இருக்கிறதோ அவர் பக்கம் கூட்டம் சாயும். ஆகவே அமெரிக்கா போய்த் தட்டு வாங்கி வந்தவர்கள், நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேறு பெயர் சூட்டி ஓட்டினார்கள். கிளெமென்ட் ‘காக்ஸோன்’ டாட் தன் அடையாளப் பாட்டுக்கு ‘காக்ஸோன் ஹாப்’ என்று பெயரிட்டிருந்தார். அது என்ன தட்டு என்று கண்டுபிடிக்கப் போட்டியாளர் டியூக் ரீட் பல ஆண்டுகள் அலைந்தார். வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரின் ‘லேட்டர் ஃபார் தி கேட்டர்’ அது என்று ஒருநாள் தெரிந்துபோயிற்று. ரீட் அதைத் தன் கூட்டத்தில் ஓட்டினார். டாட்டின் தனிச்சொத்தாக அது இருந்த காலம் அத்துடன் முடிந்தது.

அடுத்த தலைமுறையில் இங்கிலாந்தின் வடபகுதி இதே பழக்கத்தை எடுத்துக்கொண்டது. 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கஸினோ போன்ற இடங்களில், அமெரிக்காவில் விலைபோகாமல் மறந்துபோன 1960-களின் சோல் இசைத் தட்டுகளைத் தேடிப்பிடித்து ஓட்டினார்கள். அங்கும் பெயர் மறைப்பு உண்டு. ஃபிராங்க் வில்சன் என்பவர் 1965-இல் மோட்டௌன் கம்பெனிக்காகப் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ தட்டு ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. விகனில் அதை எடி ஃபாஸ்டர் என்ற வேறு பெயரில் ஓட்டினார்கள். ஆனால் ஆடியவர்களுக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. கேட்டார்கள், விசாரித்தார்கள், உண்மைப் பெயர் வெளியே வந்தது. தேடுவோர் பெருகியதும் 1979-இல் மோட்டௌன் பிரிட்டனில் அதை முறையாக வெளியிட்டது. எஞ்சிய மூலப்பிரதி ஒன்று 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. செய்தித்தாள்கள் அந்த விலையைத்தான் பெரிதாக எழுதின. எனக்கு 1979-இன் மறுவெளியீடுதான் பெரிய செய்தி. ஒளித்துவைத்தவர்களால் ஒரு தட்டின் விலை ஏறியது. வெளியே சொன்னவர்களால் அந்தப் பாட்டு பல ஆயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒளிப்பவர்களுக்கும் உரியதைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் அலைந்து தேடியிராவிட்டால் ஃபிராங்க் வில்சனின் குரலே நமக்குக் கிடைத்திருக்காது. கிங்ஸ்டனில் அமெரிக்கத் தட்டுகளின் வரத்து குறைந்தபோது டாட்டும் ரீடும் உள்ளூர்க் கலைஞர்களைப் பாடவைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஸ்கா இசை பிறந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

நம் பக்கம் வருவோம். 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பர்க் பதிவு தொடங்கியதும், 1908-இல் அந்நகரின் சியால்டாவில் தொழிற்சாலை வந்ததும், தமிழ் நாடகக் கலைஞர்களும் கச்சேரி வித்வான்களும் தட்டுக்குப் பாடியதும் பலர் எழுதிய வரலாறு. நான் இங்கே ஒரு குரலை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தார். முப்பது வயது நிரம்பவில்லை. பேசும்படம் தமிழில் வந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எந்தப் படத்திலும் அவர் நடிக்கவில்லை. நாடக மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் இன்று இல்லை. அவர் குரல் நமக்கு இருக்கிறதென்றால், அன்று யாரோ கடையில் காசு கொடுத்து அந்தக் கிராமபோன் பிளேட்டை வாங்கி, உடையாமல் வைத்திருந்து, இன்னொருவருக்குக் கொடுத்ததால்தான். அரக்கால் ஆன அந்தத் தட்டு கைதவறி விழுந்தால் இரண்டாகப் போகும். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் தேயும். அப்படிப்பட்ட பொருள் 90 ஆண்டு நிலைத்ததற்கு வாங்கியவரின் அக்கறையைத் தவிர வேறு காரணம் கிடையாது.

பழைய எல்.பி. உறைகளைப் புரட்டுவது எனக்குப் பிடித்த வேலை. சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய தட்டுக் கடைகளில் நின்றால், உறையின் மேல்மூலையில் பந்துமுனைப் பேனாவால் எழுதியதை அடிக்கடி காணலாம். பெயர், ஊர், வாங்கிய தேதி, சில உறைகளில் விலையும்கூட இருக்கும். இரவல் போகும் தட்டு திரும்பி வரட்டும் என்று எழுதியவை அவை. உறையில் பெயர் இருக்கிறதென்றால் அந்தத் தட்டு பல வீடுகளுக்குப் போய்வந்தது என்று பொருள் கொள்ளலாம். சேகரிப்பவர்கள் இந்தக் கிறுக்கலைக் குறை என்று சொல்லி விலையைக் குறைத்துப் பேசுவார்கள். ஆய்வு செய்பவர் கண்ணுக்கு அது அரிய ஆவணம். ஏனென்றால் இந்தியத் தட்டுகள் பலவற்றில் பாட்டின் பெயர், பாடியவர் பெயர், விற்பனை எண் எல்லாம் இருக்கும். பதிவான தேதி இருக்காது. இசை முடிந்தபின் ஊசி சும்மா சுற்றும் வழவழப்பான வளையத்தில் பொறித்த எண்ணை வைத்து ஓரளவு கணிக்கலாம். மாதந்தோறும் கம்பெனி வெளியிட்ட பட்டியல் கிடைத்தால் உறுதி செய்யலாம். அந்தப் பட்டியல்கள் படித்துவிட்டுத் தூக்கிப்போடத்தக்க தாள்களாகவே அச்சாயின, மிஞ்சியவை குறைவு. அந்நிலையில் ஒரு சாதாரண ரசிகர் ‘14-4-1979’ என்று உறையில் எழுதி வைத்திருந்தால், அந்தத் தேதிக்குள் அந்தத் தட்டு கடைக்கு வந்துவிட்டது என்பது ஐயமில்லாமல் நிரூபணமாகிறது.

தட்டு வரலாறு எழுதியவர்கள் பலரும் இத்தகைய துணுக்குகளைச் சேர்த்துத்தான் எழுதினார்கள். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்தியாவின் முதல் பதிவுகளுக்கு விரிவான அட்டவணை தயாரித்து 1994-இல் நூலாக வெளியிட்டார். மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் ‘தி ரெக்கார்ட் நியூஸ்’ என்ற இதழை நடத்தியது. உறுப்பினர்கள் தங்களிடம் உள்ள தட்டுகளைப் பற்றி அதில் எழுதினார்கள். ஒருவர் தன்னிடம் உள்ளதைச் சொல்ல, இன்னொருவர் அதன் மறுபக்கப் பாட்டைச் சொல்ல, மூன்றாமவர் விட்டுப்போனதைச் சேர்க்க, ஒரு கலைஞரின் முழுப் பட்டியல் உருவாகும். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்ததோடு நிற்காமல், அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். அவர் சேர்த்ததைவிட அவர் சொன்னது பெரிது என்று நான் கருதுகிறேன். பூட்டிய அலமாரியில் இருக்கும் ஐம்பதாயிரம் தட்டுகளால் வெளியுலகுக்கு ஒரு பயனும் இல்லை.

தட்டு வாங்க முடியாதவர்களின் பட்டியலும் உண்டு. இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதி நேயர் விருப்பம் கேட்ட லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கூட்டம். 1980-களில் அந்தக் கூட்டம் ரெக்கார்டிங் சென்டர்களின் வாசலுக்கு வந்தது. எல்.பி. விலை அதிகம், அதை ஓட்டும் கருவியும் எல்லா வீட்டிலும் கிடையாது. டேப் ரெக்கார்டர் மட்டும் வளைகுடா போய்வந்த உறவினர் வழியாக வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தது. கையில் ஒரு டி.டி.கே. அல்லது சோனி காலி கேசட், ஒரு நோட்டுத் தாள். தாளின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஏ சைடு, அந்தப் பக்கம் பி சைடு. அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு. சின்னப் பாட்டாகப் பார்த்துப் போட்டால் ஏழு. ஏழாவது பாதியில் அறுந்துவிடும் என்று கடைக்காரர் எச்சரிப்பார். பரவாயில்லை, போடுங்கள் என்போம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று நண்பர்கள் கூடி உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்மானித்த பட்டியல் அது. கடைக்காரர் ஒவ்வொரு வரியாகப் பார்த்து ‘இருக்கு, இருக்கு, இது இன்னும் வரல’ என்பார். வராததைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். அடுத்த முறை மொத்தக் கடைக்குப் போகும்போது எந்த எல்.பி. வாங்க வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லும். பத்துப் பேர் கேட்ட தட்டு கடைக்கு வரும். ஒருவர் மட்டும் கேட்டது வராது. லெக்கின் 500 பேர் போல இவர்களும் தாம் கேட்கப்போவதை முன்கூட்டிச் சொன்னவர்கள்தான்.

இந்த வழக்கம் சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும், இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் இதனால் ஒரு பைசா போகவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வட இந்திய கேசட் வியாபாரத்தை ஆராய்ந்து பீட்டர் மேனுவல் 1993-இல் எழுதிய ‘கேசட் கல்ச்சர்’ என்ற நூல், கேசட் வந்தபின் ஒரே கம்பெனியின் பிடி தளர்ந்ததையும், சிறு ஊர்களின் இசை வெளியே வந்ததையும், கள்ளப் பிரதி பெருகியதையும் சேர்த்தே பேசுகிறது. தமிழ்நாட்டில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. பட்டியல் எழுதியவர்களின் ஆசைக்கு முறையான வழி ஒன்றை அன்றைய கம்பெனிகள் காட்டியிருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பங்காவது படைத்தவர்களுக்குப் போயிருக்கும்.

அப்படி ஒரு வழியை இங்கிலாந்தின் ராக் இசைக்குழு ஒன்று கண்டுபிடித்தது. மரில்லியன் குழுவுக்கு 1997-இல் அமெரிக்கப் பயணத்துக்குப் பணமில்லை. செய்தி கேட்ட ரசிகர்கள் தாங்களாகவே 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். குழுவினருக்கு அதில் ஒரு பாடம் இருந்தது. 2001-இல் வெளிவந்த புதிய ஆல்பத்தைப் பதிவு செய்யும் முன், முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறீர்களா என்று ரசிகர்களிடம் கேட்டார்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்கள், ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல், பணம் அனுப்பினார்கள். ‘அனோரக்னோஃபோபியா’ அந்தப் பணத்தில் உருவானது. ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் இதே வழியில் ரசிகர்களின் முன்பணத்தைக் கொண்டு 2004-இல் வெளியிட்ட ‘கான்சர்ட் இன் த கார்டன்’, கடைகளில் விற்கப்படாமலே அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. 1931-க்கும் 2001-க்கும் இடையே கருவிகள் எல்லாம் மாறிவிட்டன. வாங்குவேன் என்று முன்கூட்டிச் சொல்கிறவரின் பலம் அப்படியே இருக்கிறது.

ஆனால் இன்று இந்தப் பழக்கத்தை ஒரு நோயும் பிடித்திருக்கிறது. கொரியப் பாப் குழுக்களின் ஆல்பங்களுக்கு முன்பதிவு எண்ணிக்கையே செய்தியாகிறது. பி.டி.எஸ். குழுவின் ‘மேப் ஆஃப் த சோல்: 7’ 2020-இல் வெளிவரும் முன்பே 40 லட்சத்துக்கு மேல் முன்பதிவானது. அதை வாங்கியவர்களின் அன்பை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த வியாபாரத்தின் அமைப்பைத்தான் குறைசொல்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் வேறு வேறு படச்சீட்டு, கலைஞரைச் சந்திக்கக் குலுக்கல், முதல் வார விற்பனைப் போட்டி என்று வைத்து, ஒரே ரசிகரை ஒரே ஆல்பத்தின் பல பிரதிகளை வாங்கவைக்கிறார்கள். படச்சீட்டை எடுத்துக்கொண்டபின் குறுந்தட்டு குப்பைக்குப் போகிறது. அங்கே வாங்குதல் வெறும் எண்ணிக்கை ஆகிவிட்டது. அமெரிக்காவிலும் இதன் சாயல் தெரிகிறது. 2022-இல் அங்கே எல்.பி. தட்டுகள், 1987-க்குப் பின் முதன்முறையாக, குறுந்தட்டுகளைவிட அதிகம் விற்றன: 4 கோடியே 10 லட்சம் எல்.பி., 3 கோடியே 30 லட்சம் குறுந்தட்டு. நல்ல செய்திதான். ஆனால் லூமினேட் என்ற நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, எல்.பி. வாங்கியவர்களில் பாதிப்பேரிடம்தான் அதை ஓட்டும் கருவி இருந்தது. கேட்காத தட்டைப் பற்றி அந்தப் பாதிப்பேர் நண்பருக்கு என்ன சொல்ல முடியும்? உறை அழகாக இருக்கிறது என்பதோடு பேச்சு நின்றுவிடும். பதிவு எப்படி, இரண்டாம் பக்கம் எப்படி, முந்தைய வெளியீட்டைவிட இது தேவலையா என்று சொல்வதற்கு, கேட்டிருக்க வேண்டும். கேட்டவர் சொல்லும் சொல்லுக்குத்தான் அடுத்தவர் பணத்தை எடுக்க வைக்கும் தகுதி உண்டு.

எல்லாப் பாட்டும் கைப்பேசியில் கிடைக்கும் காலத்தில் வாங்குவது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றைச் செயலியில் தேடிப் பாருங்கள். பாடலாசிரியர் பெயர் பல இடங்களில் இருக்காது. துணைக்குரல் கொடுத்தவர் பெயர் கேட்கவே வேண்டாம். எல்.பி. உறையின் பின்பக்கத்தில் இவை அச்சில் இருந்தன. செயலியில் இன்று இருக்கும் ஆல்பம் உரிமை கைமாறினால் நாளை காணாமல் போகலாம். வாங்கியவர் அலமாரியில் இருப்பதை எவரும் அப்படி அழிக்க முடியாது. டிஸ்காக்ஸ் என்ற தரவுத்தளத்தை 2000-இல் கெவின் லெவாண்டோவ்ஸ்கி தொடங்கியபோது, தங்களிடம் உள்ள தட்டின் எண்ணையும் விவரங்களையும் ரசிகர்களே பதியும்படி அமைத்தார். ‘என்னிடம் இருப்பவை’, ‘நான் தேடுபவை’ என்ற இரண்டு பட்டியல்கள் அதன் உயிர்நாடி. எந்தத் தட்டை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மறுவெளியீடு செய்ய நினைக்கும் சிறு கம்பெனிக்கு இதைவிட நல்ல விசாரணை வேறு எங்கும் கிடைக்காது.

தமிழில் இந்தக் கேட்பு எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு நான் ஒன்றைச் சொல்வேன். இளையராஜா பாடல் இல்லாத தனி ஆல்பங்களாக 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-இல் ‘நத்திங் பட் விண்ட்’ ஆகியவற்றைத் தந்தார். இரண்டையும் வாங்கியவர்கள் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் நூற்றுக்கணக்கான படங்களுக்கு எழுதிய பின்னணி இசையில் பெரும்பகுதி முறையான ஆல்பமாக வெளிவரவே இல்லை. ரசிகர்கள் படத்தின் ஒலியிலிருந்து அதை வெட்டி எடுத்து, வசனமும் கதவுச் சத்தமும் கலந்த துண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். மூல ஒலிநாடாக்களின் ஆயுளோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. உரிமை யாருக்கு என்பதில் வழக்குகள் நடந்திருப்பதால் இது எளிய காரியமல்ல என்பது தெரியும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது தெரியாதவரை எந்தக் கம்பெனியும் வழக்கறிஞருக்குப் பணம் கட்டி அந்தச் சிக்கலைத் தீர்க்க முன்வராது. நாகஸ்வரத் தட்டுகளும் நாடகத் தட்டுகளும் இதே நிலையில் இருக்கின்றன. அரக்குத் தட்டிலிருந்து சுத்தமாகப் பெயர்த்து, யார் வாசித்தது, எப்போது பதிவானது என்ற குறிப்புடன் வெளியிட்டால் வாங்கத் தயாராக இருப்பவர்கள் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இசையை நேசிக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் தட்டும் கேசட்டும் குறுந்தட்டும் இருந்தால் ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள்: தலைப்பு, கலைஞர், கம்பெனி, எண், எப்போது எங்கே வாங்கியது. உறையில் எழுதியிருக்கும் பெயரையும் தேதியையும் அழிக்காதீர்கள். அந்தப் பட்டியலை நண்பர்களுக்குக் காட்டுங்கள். நீங்கள் தேடுவதையும், வந்தால் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்பதையும் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். உங்களைப் போல எழுதிய பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, அந்த இரண்டாம் பக்கத்தை உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கும் இசையமைப்பாளருக்கும் அனுப்புங்கள். ஹ்யூகோ வொல்ஃபுக்கு 500 பேர் போதுமானதாக இருந்தது.